அம்பு காட்டிய வீடு

எங்கள் நிச்சயதார்த்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “மொட்டை பத்துமலையிலா, பழனியிலா?” என்றுதான். இரண்டும் இல்லை, மூவாரில் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. மூவாரில் அப்படி என்ன கோயில் என்பார்கள். கோயில் இல்லை ஐயா, கார் புதையல் வேட்டைக்குப் போனேன், தலைமுடியை அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி நழுவப் பார்ப்பேன். என் மனைவி நளாயினி விடமாட்டாள். “முழுசாச் சொல்லுங்க” என்பாள். ஆகவே முழுசாகவே சொல்லித் தொலைக்கிறேன்.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. புதையல் வேட்டை என்றதும் கடப்பாரை, மண்வெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஓர் ஊரில் கார்கள் வரிசையாகக் கூடும். காருக்கொரு வழித்தாள் தருவார்கள். ‘பாலம் தாண்டியதும் இடது, பள்ளிவாசல் தெரிந்ததும் வலது’ என்று அதில் வழி இருக்கும், கூடவே கேள்விகள் இருக்கும். விடையெல்லாம் கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் ஒளிந்திருக்கும். நேரத்துக்குள் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு முடிவிடத்துக்கு வந்துவிட வேண்டும். கைப்பேசியில் வரைபடம் பார்த்து ஏமாற்றக்கூடாது என்பதால், புறப்படும்போதே எல்லார் கைப்பேசியையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். உறை கிழிந்தால் ஆட்டம் காலி.

நான் அப்போது ஜொகூர் பாருவில், தம்போய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். நளாயினியும் அங்கேதான், கணக்குப் பிரிவில். எங்கள் விஷயம் அவள் வீட்டுக்குத் தெரிந்து, கொஞ்சநாள் புயலடித்து, கடைசியில் அவள் அப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெயர் கனகசபை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தகப்பனார் ரயில்வேயில் இருந்தார், இவர் நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களோ சிம்பாங் ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கப்பா சுப்பையா தோட்டத்து லாரி ஓட்டியவர். மாமா (இப்போதுதான் மாமா, அன்றைக்கு வெறும் ‘அங்கிள்’) என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்வையாலேயே அளந்தார். அளப்பது அவருக்குத் தொழில் அல்லவா.

“சாதகம் எல்லாம் பிறகு பாப்பம், தம்பி. ஒரு நாள் உம்மட காரில வாறன். தெரியாத ஊரில நீர் எப்பிடி ஓடுறீர் எண்டு பாத்தாலே ஆளைத் தெரிஞ்சுபோகும்” என்றார்.

அப்போது என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. “அங்கிள், மூவார்ல புதையல் வேட்டை ஒண்ணு நடக்குது. நான் இதுல ரொம்ப பழைய ஆளு. வாங்களேன், போலாம்” என்றேன். (பழைய ஆள்தான். அதற்கு முன் ஒரே ஒரு வேட்டைக்குப் போயிருக்கிறேன், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற வேலைக்கு.)

ஏற்பாடு இதுதான். வேட்டை முடிந்து நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கும்போது சிம்பாங் ரெங்கம் வெளிவழி வரும். அங்கே அப்பா மதியச் சாப்பாட்டோடு காத்திருப்பார், சித்தப்பாவும் வருவார். மாமாவுக்கு என்மேல் திருப்தி ஏற்பட்டால் அந்த இடத்தில் இடதுபக்கம் திரும்பி, எங்கப்பாவைப் பார்ப்போம். திருப்தி இல்லையென்றால் நேரே ஜொகூர் பாருவுக்கு விட்டுவிட வேண்டியதுதான், கதை முடிந்தது. “அந்த இடம் வரேக்க சொல்லுறன்” என்றுவிட்டார் மாமா. என் கல்யாணமே ஒரு சாலைத் திருப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை மூவாரில் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு ஆற்றைத் தேடினோம். அது ஜெரெபு காலம். எங்கோ காடு எரிந்த புகை ஊரையே மூடியிருந்தது. சூரியன் இருந்தது, வெயில் இல்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. கட்டடம், மரம், மனிதர் எல்லாமே பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தன. எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் நடமாடின. வேட்டை நடக்குமா என்று கேட்டதற்கு, “அலமாக், கொஞ்சம் புகைதானே லா!” என்று ஒரு குரல் வந்தது. யார் சொன்னார்கள் என்று பார்த்தால் ஆளைக் காணோம்.

எங்கள் அணிக்காக நான் செலவுபண்ணி அடித்து வைத்திருந்த மஞ்சள் சட்டையை மூன்று பேரும் போட்டிருந்தோம். மற்ற கார்க்காரர்களைச் சீண்டுவதற்காக முதுகில் பெரிய எழுத்தில் ‘எங்க பின்னாலேயே வாங்க’ என்று எழுதியிருந்தது. மாமாவும் ஒன்றும் பேசாமல் அதை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அவர் கையில் ஒரு குடை இருந்தது. புகைக்கு எதற்குக் குடை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான் ஓட்டினேன், நளாயினி பக்கத்தில் வழித்தாளைப் படித்தாள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பாலத்தை ஏறி இறங்கி, நாற்காலி மேசை செய்கிற பட்டறைகள் இருக்கும் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் புகைக்குள்ளிருந்து காருக்குக் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். கியர் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் தொங்கிய பாண்டுங் பானம் பிய்த்துக்கொண்டு போய் நளாயினி மடியில் விழுந்தது. சர்பத்தும் பாலும் கலந்து, வழித்தாள் முழுக்க ரோஸ் நிறமாகி, எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது.

“ஏன் தம்பி பிரேக் அடிச்சீர்?” என்றார் மாமா.

“ஒருத்தர் குறுக்க வந்தாரு அங்கிள்.”

“ஒருத்தரும் வரேல்லையே.”

நளாயினியைப் பார்த்தேன். அவளும் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணாடிக்கு வெளியே சாலை காலியாக இருந்தது. முன்னால் போன கார்களையும் காணோம், பின்னால் வந்த கார்களையும் காணோம். வழித்தாள் போய்விட்டது என்று சொல்லித் திரும்பிப் போயிருக்கலாம். பழைய ஆள் அப்படிச் சொல்வானா?

“பரவால்ல அங்கிள், எனக்கு இந்த ஆட்டம் அத்துப்படி” என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அடுத்த சந்தியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மஞ்சள் தாள், கறுப்பு மையில் ஒரே ஓர் அம்பு. ஏற்பாட்டாளர்களின் பதாகையும் மஞ்சள்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தீங்களா! கெட்டிக்காரங்களுக்குன்னு இப்படி ஒட்டி வைப்பாங்க. மத்தவங்க கண்ணுல படாது” என்றேன். (நானே அந்த நிமிஷம் கண்டுபிடித்த விதி.)

அம்பு காட்டிய பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போனதும் சந்தேகம் வந்தது, உடனே இன்னோர் அம்பு தெரிந்தது. பட்டறைகள் முடிந்து கிராமத்து வீடுகள் வந்தன, அம்பு. வீடுகள் முடிந்து செம்பனை மரங்கள் வந்தன, அம்பு. நான் எப்போதெல்லாம் ‘திரும்பிவிடலாமா’ என்று நினைத்தேனோ, அப்போதெல்லாம் சரியாக ஒரு கம்பத்திலோ மரத்திலோ அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடைசி அம்பு ஒரு வேலித் தூணில் இருந்தது. நளாயினி கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

“மணி, இது மஞ்சள் இல்ல. வெள்ளை” என்றாள்.

புகையில் வெள்ளைத் தாள் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்கு வழிகாட்டியும் அம்பு ஒட்டுவார்கள், அதில் பெயர் இருக்கும், பூப்படம் இருக்கும். வெள்ளைத் தாளில் வெறும் அம்பு மட்டும் இருந்தால் அது சாவு வீட்டுக்கு வழி என்று ஜொகூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு இருந்தது. வாசலில் சின்னக் கூடாரமும், அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் இருந்த கொஞ்சம் பேர் ஒன்றாக எழுந்து நின்று எங்கள் காரையே பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் கவசம். யாரும் அசையவில்லை.

ரிவர்ஸ் கியரில் கை வைத்தேன். அதற்குள் கட்டம்போட்ட கைலி கட்டிய ஒரு கனத்த மனிதர் வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவர் பெயர் மாரிமுத்து, இறந்தவரின் மச்சான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“வந்துட்டியாப்பா! எல்லாம் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு” என்றார்.

மாமா பின்னாலிருந்து காதோடு சொன்னார். “செத்த வீட்டு வாசலுக்கு வந்தாச்சு. முகம் பாக்காமல் திரும்பக் கூடாது, தம்பி. கொஞ்ச நேரம் இருந்திட்டுச் சொல்லாமல் வெளிக்கிடுவம்.”

அதுவும் சரிதான் என்று பட்டது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. கம்பி நீட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் உண்டா? இறங்கி நடந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவு வீட்டுக்குள் வரிசையாக மூன்று பேர், ‘எங்க பின்னாலேயே வாங்க’ என்று எழுதிக்கொண்டு நுழைகிறோம்! ஒரு பெண்மணி தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் சுவரோடு சுவராக நகர்ந்து நின்றேன், மாமா குடையை விரித்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். (குடை எதற்கென்று தெரிந்தது.)

மாரிமுத்து விடவில்லை. “சிம்பாங் ரெங்கத்துலேருந்துதானே வரே?” என்றார்.

“ஆமா, ஆனா நான் வந்து...”

“அப்பா பேரு சுப்பையாதானே?”

பொய் சொல்ல முடியுமா? “ஆமா” என்றேன்.

“கண்ணைப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. பாவம் சுப்பையா அண்ணன். அவரு செத்து எத்தன வருஷமாச்சு! உன்னப் பாத்தா அவரே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு. இன்னிக்குத் தம்பியும் அண்ணன்கிட்டயே போய்ச் சேர்ந்துட்டாரு.”

எங்கப்பா செத்துப்போனாரா? முந்தின நாள்தான் போனில், வரும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு வா என்று சொன்னார். கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்த்தேன். தலைமாட்டில் ஒரு படம், வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். படம் எடுக்கும்போது எல்லாரும்தான் வெள்ளை வேட்டி கட்டுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டாவது முறை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான கை, ஆனால் அப்படி ஓர் இறுக்கம். அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

“அம்மா, நான் வந்து, நீங்க நினைக்கிற...” என்று இழுத்தேன். கை இன்னும் இறுகியது. அந்தக் கையை உதறிவிட்டு வர என்னால் முடியவில்லை.

மாரிமுத்து எல்லாருக்கும் கேட்க விளக்கிக்கொண்டிருந்தார். இறந்தவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் ஒருத்தன்தான் கொள்ளி வைக்க உரிமையுள்ளவன். சின்ன வயதில் பார்த்தது. குடும்பச் சண்டையில் வரப்போக இல்லாமல் போய்விட்டது. சொல்லி அனுப்பினால் வருவானோ மாட்டானோ என்று பயந்தோம், இதோ வந்துவிட்டான். “இவங்கதான் கட்டிக்கப் போற பொண்ணா?” என்று நளாயினியைப் பார்த்தும் கேட்டார். நளாயினி மாமாவைப் பார்த்தாள், மாமா கூரையைப் பார்த்தார்.

சமயம் பார்த்துக் காருக்கு ஓடிவந்து அந்த உறையை எடுத்தேன். நளாயினி பின்னாலேயே வந்தாள்.

“கிழிச்சா ஆட்டம் போச்சு மணி!”

“ஆட்டம் கெடக்கட்டும். எங்கப்பா உயிரோட இருக்காரான்னு பாக்கணும்.”

“பைத்தியமா உங்களுக்கு? அது வேற சுப்பையா!”

“எனக்கும் தெரியுது. ஆனா ஒரு தடவ குரலக் கேட்டுடறேனே” என்று உறையைக் கிழித்துக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் யாரும் எடுக்கவில்லை. புகைக்குள் நின்றுகொண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், என் பெயர் மணிமாறன்தானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு நான் என் வசத்தில் இல்லை. யாரோ சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். வேட்டி கொடுத்தார்கள், கட்டினேன். கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முக்காலி போட்டிருந்தது. அதில் உட்கார வைத்து முகக்கவசத்தை எடுத்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தது. தண்ணீர் எதற்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் உச்சியிலிருந்து காதுவரை கத்தி ஓர் ஓட்டம் ஓடியது. நாவிதர் அப்படி ஒரு வேகக்காரர்.

“ஐயோ, முடி!” என்றேன்.

“துக்கத்த அடக்கக் கூடாது தம்பி, அழுதுடு” என்றார் அவர்.

பாதித் தலை ஆனபோது இடுப்பில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில், “எங்கப்பா! எங்கப்பா கூப்பிடறாரு!” என்று கத்திவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் உறைந்து போனார்கள். மாரிமுத்து குனிந்து திரையைப் பார்த்தார். ‘அப்பா’ என்று இருந்தது. கை முழுக்க ஈரம், எங்கே தொட்டேனோ, ஒலிபெருக்கி போட்டுக்கொண்டது. அந்த அமைதியில் எங்கப்பாவின் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது.

“டேய், எங்கடா இருக்கே? இங்க ஒரே புகையா இருக்குடா, ஒண்ணும் கண்ணு தெரியல.”

யாரோ “முருகா!” என்றார்கள்.

“உன் சித்தப்பாவும் இப்பத்தான் வந்து சேர்ந்தான். ரெண்டு பேரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். எப்ப வரே?”

நாவிதரின் கத்தி கீழே விழுந்தது. மாரிமுத்து இரண்டு கையாலும் தலைக்குமேல் கும்பிட்டு, “அண்ணே, பையன விட்டுடுங்கண்ணே! சின்னப் பையன்ணே!” என்று கைப்பேசியைப் பார்த்துக் கதறினார். பின்வாசலில் நின்ற கூட்டம் முன்வாசலுக்கு ஓடியது. நாற்காலிகள் உருளுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து எனக்குப் பேய் பிடித்திருந்தது என்று நான் பயந்துகொண்டிருந்தால், அந்த வீட்டுக்கு வந்த பேயே நான்தான்!

“யாருடா அது அழுவுறது?” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. புதையல் வேட்டை, பாண்டுங், அம்பு, சிம்பாங் ரெங்கம், இன்னொரு சுப்பையா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், “நான் உங்க ஆளு இல்லீங்க. என்ன மன்னிச்சிடுங்க” என்றேன். பாதி மொட்டையோடு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மாரிமுத்துவின் முகம் சிவந்தது. இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டினார்கள். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

“அவனத் திட்டாதீங்க” என்று ஒரு குரல் வந்தது. பின்வாசல் படியில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். “இவன் அவன் இல்லன்னு கையப் பிடிச்சப்பவே எனக்குத் தெரியும். அவன் வரமாட்டானாம். காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டான். உங்க யார்கிட்டயும் நான் சொல்லல. சொல்லிட்டு என்ன பண்ண? கட்டின புருஷன் ஆளில்லாம போறாரேன்னு உக்காந்திருந்தேன். அப்ப இந்தத் தம்பி வண்டி வந்து வாசல்ல நிக்குது. நான் என்னான்னு நெனைக்கறது?”

மடித்துக் கட்டியவர்கள் கைலியை இறக்கிவிட்டார்கள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

கைப்பேசியில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “டேய் மணி, அங்க செய்யறதுக்கு ஆளே இல்லையா?”

“இல்லப்பா.”

“அப்ப நீ செஞ்சிட்டு வா. நான் உயிரோட இருக்கேனேன்னு பாக்காத. நான் சொல்றேன், செய்யி.”

நாவிதர் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு, “மீதி?” என்று கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் குடையை மடக்கினார். மஞ்சள் சட்டையோடு முன்னால் வந்து, “மிச்சத்தையும் எடும்” என்று நாவிதரிடம் சொன்னார். பிறகு என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். “ஹலோ, வணக்கம். நான் நளாயினியின்ட தகப்பன் கதைக்கிறன். பெடியன் வரக் கொஞ்சம் பிந்தும். நீங்கள் சாப்பிடுங்கோ, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்றார்.

சம்பந்திகள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இப்படித்தான், ஒரு சாவு வீட்டுக் கொல்லையில், என் தலைக்கு மேலே.

நீர்க்குடம் தூக்கினேன், கொள்ளிச்சட்டி பிடித்தேன். மின்சுடலையில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். முன்பின் பார்த்திராத அந்த மனிதருக்காக மனதார அழுதேன். குளித்து முடித்து, சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டோம். சட்டைகளை அங்கேயே விட்டுவிட்டதால் எனக்கும் மாமாவுக்கும் மாரிமுத்து தன்னுடைய சட்டைகளைக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் எங்களைப் போல இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம். கிழிந்த உறையைக் கொடுக்க ஆற்றங்கரைக்குப் போனபோது ஏற்பாட்டாளர்கள் தங்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் சுருள்முடியோடு புறப்பட்டவன் மொட்டையாகத் திரும்பியதைப் பார்த்து, காரணம் கேட்காமலேயே ஒருவர் உறையை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். உங்கள் ஆட்கள் எங்காவது அம்பு ஒட்டினார்களா என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது அந்தச் சாலைகளில் நாங்கள் மூவரும் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே வந்திருந்தோம். ஒரு தாளும் இல்லை. புறப்படும் முன்னே மாரிமுத்துவிடமும் கேட்டிருந்தோம். “அம்பா? யாரு வரப்போறாங்கன்னு ஒட்டறது? நாங்க ஒட்டலையே” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினோம். புகைக்குள்ளிருந்து சிம்பாங் ரெங்கம் பலகை மெல்ல வெளியே வந்தது. பொய் சொன்னவன், வழி தெரியாதவன், ஆட்டத்தில் தோற்றவன், தலையில் முடிகூட இல்லாதவன். இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நேரே போய்விட வேண்டியதுதான் என்று வேகத்தைக் கூட்டினேன்.

“பாலம் தாண்டின உடனேயே நீர் பிழையாத்தான் போறீர் எண்டு எனக்குத் தெரியும்” என்றார் மாமா.

“தெரியும் அங்கிள்” என்றேன், தெரியாமலேயே.

“இடப்பக்கம் எடும்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. நளாயினிதான், “மணி, சிக்னல் போடுங்க!” என்று கத்தினாள்.

“இது கலியாணப் பேச்சு இல்லை” என்றார் மாமா அவசரமாக. “செத்த வீட்டால போய் அதெல்லாம் கதைக்கக் கூடாது. சாப்பாடு மாத்திரம்தான்.” அன்று சாயங்காலம்வரை அவரும் எங்கப்பாவும் கல்யாணத்தைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள்.

முடி முளைக்கும் முன்னே நிச்சயம் ஆனது. கல்யாணத்துக்கு மட்டும் மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எங்கேயும் அம்பு ஒட்டக் கூடாது. அவரே சந்தி சந்தியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதனால் தம்போயில் சந்துக்குள் இருந்த அந்த மண்டபத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பாதிச் சொந்தக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்து, போன் போட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். மூவாரிலிருந்து அந்த அம்மா பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். ஓரமாக நின்றவரை மாமா தானே கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசையில், எங்கப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

தாலி கட்டி முடித்து அவர் காலில் விழுந்து எழுந்தபோது, “இவ்வளவு தூரம் தனியா வந்தீங்களே, மண்டபத்த எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? யாரையாச்சும் வழி கேட்டீங்களா?” என்றேன்.

“எதுக்குக் கேக்கணும்?” என்றார் அவர். “பஸ் நிக்கிற எடத்துலேருந்து வாசல் வரைக்கும் அம்பு ஒட்டியிருந்துச்சே, தம்பி.”

மாமா எழுந்து வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது வெளியூருக்குக் காரில் கிளம்பினால் எங்கப்பா, “போன்ல வழி போட்டியா?” என்பார். மாமா, “கம்பத்தையும் ஒருக்காப் பாரும்” என்பார். எல்லாரும் என் தலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கம்பங்களைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.